பத்துக் கிலோவுக்குக் கீழே

புதுவயல் ரைஸ்மில்லில்
ஆறு வருஷமாக லாரிகளுக்கு எடை போடுகிறேன்.
நெல்லோடு ஒரு தடவை, வெறும் வண்டியாக ஒரு தடவை.
கழித்தால் வருவது சரக்கு.
எங்கள் எடைமேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
குருவி உட்கார்ந்தால் பூஜ்யம்.
ஆட்டுக்குட்டி ஏறி நின்றாலும் பூஜ்யம்.
டிரைவர் அடைக்கலம் துப்பிவிட்டுப் போகும் வெற்றிலைக்கும்
அதே பூஜ்யம்.

"சுகர் இருநூத்தி எண்பத்தாறு. தினம் முக்கால் மணி நேரம் நடங்க"
என்றார் காரைக்குடி டாக்டரம்மா.
தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினேன்.
முதல் நாள் முக்கால் மணி நேரம்.
இரண்டாம் நாள் முக்கால் மணி நேரம், முனகலோடு.
மூன்றாம் நாள் மாமனாருக்குக் காய்ச்சல்.
நான்காம் நாள் எனக்கே தெரியும், பொய்க்காரணம்.
ஷூவுக்குள் இப்போது
பூனை குட்டி போட்டிருக்கிறது.

பிறகு ஒரு சாயங்காலம்
கண்டனூர் பஸ் வரவில்லை.
நின்ற இடத்தில் கொசு.
சும்மா, அடுத்த மின்கம்பம் வரைக்கும் போனேன்.
அங்கே கையைக் காட்டினேன், பஸ் நின்றது.
அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் இரண்டாவது கம்பம்.
ஒரு நாளைக்கு ஒன்று,
அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று
எனக்கு நானே போட்ட சட்டம்.
ஊர் வரைக்கும் மொத்தம் எத்தனை என்று எண்ணவில்லை,
எண்ணினால் பயம் வந்துவிடும்.
ஐந்தாவதில் தவிட்டு வாசனை முடிகிறது.
எட்டாவதில் ஒரு நாய், குரைப்பதா வேண்டாமா என்று
தினமும் யோசிக்கும்.
பதினான்காவதில் யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி,
மழையில் பாதி முகம் உரிந்துபோய்.
"வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன்.
சொல்லாமல் போன அன்று ஒரு மாதிரி இருந்தது.

பதினேழில் இருக்கும்போது மாமனார் வழுக்கி விழுந்தார்.
பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தேன்.
சர்க்கரை போட்ட டீ, எத்தனை என்று கேட்காதீர்கள்.
திரும்பி வந்தபோது
பதினேழு என்றது மனசு,
ஒன்பது என்றது மூச்சு.
ஒன்பதிலேயே கையைக் காட்டினேன்.
கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குக்கூட.

மாசியில் ஒருநாள், யாரும் பார்க்காதபோது
மேடையில் ஏறி நின்றேன்: எண்பது.
ஆனியில் மறுபடி ஏறினேன்.
எண்பது.
முதலாளி மகன் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தான்.
டாக்டரம்மாவின் சீட்டில் மட்டும்
இருநூற்றுப் பதினொன்று.
அவர் புருவத்தை உயர்த்தினார்,
பாராட்டா, இன்னும் போதாதா, தெரியவில்லை.

அன்று மாலை பெருக்குகிற சின்னக்கண்ணு
ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.
லாரி லாரியாக உதிர்ந்ததைத் தினமும்
ஒரு முறம், அரை முறம் என்று கூட்டி வைத்ததாம்.
"கோழிக்கு எடுத்துக்கிறேன்னு கேட்டிருக்கேன்,
எவ்வளவு இருக்கும் அக்கா?"
மேடையில் வைத்தோம்.
நாற்பது என்றது மேடை.
ஒவ்வொரு முறத்துக்கும் பூஜ்யம் சொன்ன
அதே மேடை.

நேற்று
இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவில்
மின்வாரியக்காரர்கள் புதிதாக ஒரு கம்பம் நட்டிருந்தார்கள்.
எண் எழுதவில்லை. அடியில் சிமெண்ட் இன்னும் ஈரம்.
இதைக் கணக்கில் சேர்ப்பதா?
சேர்த்தால் இன்றைய பங்கு இங்கேயே முடிந்தது.
சேர்க்காவிட்டால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
யோசித்து நிற்கும்போதே பஸ் வந்து
பக்கத்தில் உறுமியது.
கண்டக்டர் படியில் நகர்ந்து இடம் விட்டார்.
போங்க என்று கையை ஆட்டினேன்.

காலி டிபன் பாக்ஸுக்குள்
ஸ்பூன் குலுங்கிக்கொண்டே வந்தது.